பயிற்சிக்கு வந்து மூன்று வாரம், கையில் தண்ணீர்க் குழாய் மட்டும்தான்: இருக்கலாமா, கிளம்பலாமா?

கார்த்திகைப்பூ எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பி.எஸ்ஸி. தோட்டக்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எட்டு வாரப் பயிற்சிக்காக ஓசூர் பக்கம் ஒரு பண்ணைக்கு வந்திருக்கிறேன். பின்பக்கம் இரண்டு ஏக்கரில் பசுமைக்குடில்கள். ஜெர்பராவும் கொஞ்சம் ரோஜாவும் போட்டிருக்கிறார்கள். காய்கறி நாற்றுக்குத் தனியாக ஒரு குடில். முன்பக்கம், நெடுஞ்சாலையை ஒட்டி, செடி விற்கும் நர்சரிக் கடை. பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள்தான்.

பசுமைக்குடில் பற்றி வகுப்பில் நிறையப் படித்துவிட்டோம். கூரைத் தாள் 200 மைக்ரான், பக்கவாட்டு வலை 40 மெஷ், நீர்ப்புகை தெளிக்கும் ஃபாகர் எத்தனை அடிக்கு ஒன்று என்று தேர்வில் படம் போட்டு எழுதியிருக்கிறேன். ஆனால் ஒரு முழு நாள் குடிலுக்குள் நின்றதில்லை. அதற்காகத்தான் கோயம்புத்தூரிலேயே கிடைத்த இடத்தை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் வந்தேன்.

இங்கே என் நாள் இப்படிப் போகிறது. காலை ஆறரைக்குக் கடைச் செடிகளுக்கு ஹோஸ் பிடித்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அது முடியவே ஒன்பதாகிவிடும். அப்புறம் தொட்டிகளுக்கு விலைச் சீட்டு ஒட்டுவது, லோடு வந்தால் இறக்கி அடுக்குவது, மதியத்துக்கு மேல் நாற்றுக் குடிலில் குழித்தட்டுக்குக் கோகோபீட் (தென்னை நார்த்தூள்) நிரப்புவது. உரத்தைக் கரைத்துச் சொட்டுநீரில் விடும் உரத்தொட்டி இருக்கும் அறையை இரண்டு முறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான். மேனேஜரிடம் கேட்டால், "முதல்ல தண்ணி ஊத்தக் கத்துக்கோம்மா, அப்புறம் பார்க்கலாம்" என்கிறார். எப்போது கேட்டாலும் இதே பதில்.

கல்லூரியில் பயிற்சிக் குறிப்பேடு கேட்பார்கள், ஒரு சின்ன ஆய்வும் செய்து காட்ட வேண்டும். 'தண்ணீர் ஊற்றினேன்' என்று 21 நாள் எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கங்களைப் பார்த்தாலே அழுகை வருகிறது. இருக்கிற ஐந்து வாரத்துக்கு வேறு இடம் பார்க்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


ஓசூர்_சொட்டுநீர் எழுதியது:

தங்கச்சி, நான் இந்த ஊர்ப் பக்கம் பசுமைக்குடில்களில் 14 வருடமாக இருக்கிறேன். முதலில் கூலி, இப்போது சூப்பர்வைசர். உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் உங்கள் மேனேஜர் சொன்னது தட்டிக்கழிக்கும் பேச்சு என்று எனக்குத் தோன்றவில்லை. எங்கள் பண்ணையில் புதிதாக வருபவர்களில் யாரை உரத்தொட்டிப் பக்கம் விடலாம் என்று நான் முடிவு செய்வதே, அவர்கள் ஹோஸ் பிடிக்கும் விதத்தைப் பார்த்துத்தான்.

ஏன் என்று சொல்கிறேன். கடையில் தண்ணீர் தப்பினால் நாலு செடி போகும். உரத்தொட்டியில் தப்பினால் ஒரே காலையில் குடில் முழுக்க அடிபடும். கால்சியம் நைட்ரேட்டையும் மக்னீசியம் சல்பேட்டையும் ஒரே தொட்டியில் அடர்த்தியாகக் கரைத்தால் ஜிப்சமாகிக் கீழே படியும், சொட்டுநீர்க் குழாயில் தண்ணீர் சொட்டும் முனைகளான சொட்டுவான்கள் அடைத்துக்கொள்ளும். பாஸ்பேட் சேர்ந்தாலும் இதே கதைதான். அதனால்தான் ஏ தொட்டி, பி தொட்டி என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். இது புத்தகத்திலேயே இருக்கும், உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் சொட்டுவான் அடைத்த செடியை, அது வாடுவதற்கு ஒரு நாள் முன்னாலேயே வரிசையில் நடந்துபோகும்போது கண்டுபிடிக்க வேண்டும். அதற்கான கண் தண்ணீர் ஊற்றி ஊற்றித்தான் வரும்.

நாளைக் காலையிலிருந்து இதைச் செய்து பாருங்கள்.

ஊற்றுவதற்கு முன்னால் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். ஒவ்வொரு வகையிலும் நாலைந்து தூக்கினால் போதும். ஊற்றியபின் திரும்பவும் தூக்குங்கள். ஒரு வாரத்தில் கைக்குக் கனம் பழகிவிடும். மேல்மண்ணைப் பார்த்து முடிவு செய்யவே செய்யாதீர்கள். கோகோபீட் மேலே காய்ந்து பழுப்பாகத் தெரியும், இரண்டு அங்குலம் கீழே சொதசொதவென்று இருக்கும்.

ஒவ்வொரு தொட்டியும் வேறு. கடையின் ஓரத்தில், சாலைக் காற்று படுகிற வரிசை முதலில் காயும். கறுப்புத் தொட்டி வெயிலில் சூடேறி மற்றதைவிடச் சீக்கிரம் காயும். பெரிய மரத்தின் நிழலில் இருப்பது இரண்டு நாள் தாங்கும். குழித்தட்டிலும் அப்படித்தான், ஓரக் குழிகள் காய்ந்த பிறகும் நடுக்குழிகள் ஈரமாகவே இருக்கும். ஒரே கையாக எல்லாவற்றுக்கும் ஒரே அளவு ஊற்றினால் பாதிக்கு அதிகம், பாதிக்குக் குறைவு.

ஊற்றினால் அடித்துளையில் கொஞ்சம் வெளியே வரும்வரை ஊற்றுங்கள், ஊற்றியதில் பத்தில் ஒரு பங்கோ கொஞ்சம் கூடவோ வெளியேறட்டும். அப்போதுதான் உப்பு தங்காது. தினமும் மேலாக நனைத்துவிட்டுப் போவது மிக மோசமான பழக்கம். வேர் மேலேயே சுற்றிக்கொண்டு நிற்கும்.

இன்னொன்று. வெயிலில் கிடந்த ஹோஸில் முதலில் வருவது வெந்நீர். மதியத்தில் குழாயைத் திறந்தால், கையில் பட்டுக் குளிர்ச்சி தெரிகிறவரை தரையில் விடுங்கள். ஷவர் முனை இல்லாமல் நேராகப் பீய்ச்சினால் மண் குழிந்து வேர் வெளியே தெரியும். இந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்கிற ஆள் கிடைத்தால் நான் விடவே மாட்டேன்.

இருங்கள். ஐந்து வாரம் நிறைய நாள்.


மதுரை_மல்லி எழுதியது:

அண்ணன் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. நானும் தோட்டக்கலைதான், போன வருடம் முடித்தேன். எனக்குக் கிடைத்த இடத்தில் ஆறு வாரமும் வெண்டை, மிளகாய் விதையைப் பொட்டலம் கட்டி லேபிள் ஒட்ட வைத்தார்கள். 'முதலில் இதைக் கற்றுக்கொள்' என்றுதான் அங்கேயும் சொன்னார்கள். அந்த 'அப்புறம்' கடைசிவரை வரவில்லை. சம்பளம் இல்லாத ஒரு ஆள் கிடைத்தது அவர்களுக்கு வசதியாகப் போய்விட்டது. நானும் வாய் திறக்காமல் இருந்துவிட்டேன். அந்த ஆறு வாரத்தை நினைத்தால் இன்றும் மனசு கசக்கிறது.

அதனால் கார்த்திகைப்பூ, பொறுமையாக இருங்கள் என்று மட்டும் சொல்ல மாட்டேன். ஒரு தாளில் எழுதி மேனேஜரிடம் கொடுங்கள். மீதி ஐந்து வாரத்தில் எந்த வாரம் எந்தக் குடில், என்ன பார்க்க வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாக இருக்கட்டும். வாயால் கேட்டால் மறந்துவிடுவார்கள். காலை ஹோஸ் வேலையை விட்டுவிடுகிறேன் என்று எழுதாதீர்கள், அதோடு இதுவும் வேண்டும் என்று எழுதுங்கள். பயிற்சி என்று கூட்டிவந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் கடமை உண்டு. அதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.


தஞ்சை_நர்சரி எழுதியது:

அம்மா, நான் 22 வருடமாகத் தஞ்சாவூர்ப் பக்கம் சின்னதாக ஒரு நர்சரி வைத்திருக்கிறேன். பசுமைக்குடில் பற்றி எனக்குப் பேசத் தெரியாது. கடையை ஏதோ தண்டனை மாதிரி எழுதியிருந்தது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் கடைக்கு ராஜமுந்திரி பக்கம் கடியத்திலிருந்து லோடு வரும். மா ஒட்டுக்கன்று என்றால் உங்கள் பக்கத்துச் சந்தூர். லோடு இறக்குவதை நீங்கள் கூலி வேலையாகப் பார்க்கிறீர்கள். நான் அதைப் பரிசோதனையாகப் பார்க்கிறேன். வண்டியில் ஒரு நாளுக்கு மேல் இருட்டிலும் சூட்டிலும் நெருக்கியடித்து வந்த செடி, இறக்கியவுடன் நன்றாகத்தான் இருக்கும். மூன்றாம் நாள் இலை கொட்டும். ஃபைகஸ் வகை கொட்டியே தீரும். கொட்டுகிறதே என்று பயந்து தண்ணீரைக் கூட்டுவார்கள், அங்கேதான் செடி சாகும். இலை குறைந்தால் அது குடிக்கிற தண்ணீரும் குறையும் அல்லவா? பத்து நாள் நிழலில் வைத்து, கை அடக்கி ஊற்றி, புதுத் தளிர் வந்த பிறகுதான் நான் விற்பனை வரிசைக்குக் கொண்டுவருவேன்.

பல செடிகள் களிமண் உருண்டையோடு வரும். அதை அப்படியே நம் தொட்டிக் கலவைக்குள் வைத்தால் சுற்றியிருக்கும் கலவை நனையும், உருண்டைக்குள் தண்ணீர் இறங்காது. வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள் 'தினமும் ஊற்றினேன், காய்ந்துவிட்டது' என்று திரும்பி வருவார்கள். பொய் சொல்வதில்லை, நிஜமாகவே ஊற்றியிருப்பார்கள். நான் உருண்டையை ஒரு பக்கெட் தண்ணீரில் குமிழி அடங்கும்வரை அமிழ்த்தி வைத்து, ஓரத்தைக் கொஞ்சம் உதிர்த்துவிட்டுத்தான் வைப்பேன். இதை எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொல்லவில்லை, செத்துப்போய்த் திரும்பி வந்த செடிகள் சொல்லிக்கொடுத்தன.

ஒரு சின்ன ஆய்வு செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். ஒரு நோட்டு போடுங்கள். வாடிக்கையாளர் என்ன செடி பற்றி என்ன புகார் சொல்கிறார், வீட்டில் எத்தனை மணி வெயில், எந்தத் தொட்டி, எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர். ஐந்து வாரம் எழுதுங்கள். பசுமைக்குடிலில் நல்லபடியாக வளர்ந்த செடி வெளியே போய் ஏன் சாகிறது என்று அதில் தெரிந்துவிடும். ஆடிப்பட்டத்தில் நாற்று கேட்டு வரும் கூட்டத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும். தக்காளி நாற்று எடுப்பவர் முகத்தைப் பார்த்தே, இவர் வயலுக்கா, மாடிக்கா என்று சொல்லிவிடலாம். இரண்டு பேருக்கும் சொல்ல வேண்டியது வேறு வேறு.


கார்த்திகைப்பூ எழுதியது:

அண்ணா, ஐயா, மல்லி அக்கா, மூன்று பேருக்கும் நன்றி. இன்று முழுக்க இந்தப் பதில்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

முதல் பதிவில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். வெட்கமாக இருந்தது. வந்த முதல் வாரத்தில் அடீனியம், ஜீஜீ செடி வரிசைக்கும் செம்பருத்திக்கு ஊற்றுகிற மாதிரியே தினமும் ஊற்றினேன். பதினைந்து நாளில் 17 அடீனியம் அடித்தண்டு கொழகொழவென்று ஆகிவிட்டது. அழுத்தினால் விரல் உள்ளே போனது. யாரும் திட்டவில்லை. இங்கே வேலை செய்யும் ஒரு அக்கா மட்டும், "இது வயித்துல தண்ணி வச்சிருக்கற செடி பாப்பா, தாகம்னு கேட்டாத்தான் குடுக்கணும்" என்றார். அதற்குப் பிறகுதான் மேனேஜர் 'முதல்ல தண்ணி ஊத்தக் கத்துக்கோ' என்று சொல்ல ஆரம்பித்தார். அதை நான் மறைத்துவிட்டு அவர்மேல் குறை சொல்லிவிட்டேன்.

இன்று காலை தொட்டிகளைத் தூக்கிப் பார்த்தேன். ஓரத்து வரிசைக்கும் மரத்தடி வரிசைக்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று நினைக்கவே இல்லை.

இன்னொரு விஷயம் கேட்க வேண்டும். நாற்றுக் குடிலில் தக்காளி நாற்று 12 நாள் ஆனது, சில தட்டுகளில் கழுத்துப் பக்கம் சுருங்கிச் சாய்ந்து கிடக்கிறது. நாற்றழுகல் என்று பார்த்தவுடன் தெரிந்தது. எல்லாத் தட்டிலும் இல்லை, சில தட்டுகளில்தான். மருந்து ஊற்றுகிறார்கள், நாலு நாளில் திரும்ப வருகிறது. விதையும் கோகோபீட்டும் எல்லாத் தட்டுக்கும் ஒன்றுதான். ஏன் சில தட்டு மட்டும்?


நோயியல்_அக்கா எழுதியது:

பயிர் நோயியல் படித்துவிட்டு இப்போது ஒரு விதை நிறுவனத்தில் வேலை செய்கிறேன். சில கேள்விகள்.

பழைய தட்டா, புதுத் தட்டா? பழையது என்றால் எதில் கழுவினார்கள்? சும்மா தண்ணீரில் அலசினால் குழியின் மூலையில் பழைய வேர்த்துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும், நாற்றழுகல் கிருமியான பித்தியம் அதில் காத்திருக்கும். கழுவிவிட்டு பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்து, திரும்ப அலசி, வெயிலில் காயவைக்க வேண்டும்.

கோகோபீட்டில் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூசணம் கலந்தார்களா? கலந்தது உண்மை என்றால், அதன்மேல் என்ன பூசணக்கொல்லி ஊற்றுகிறார்கள்? சில மருந்துகள் நாம் போட்ட நல்ல பூசணத்தையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

மாலையில் தண்ணீர் ஊற்றுகிறார்களா? தை மாதக் குளிரில் ஓசூரில் மாலை நாலு மணிக்கு நனைத்தால் அடுத்த நாள் காலை ஒன்பதுவரை ஈரம் போகாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, பாதித்த தட்டுகள் எங்கே இருக்கின்றன என்பது. ஒரு தாளில் குடிலின் படம் வரைந்து, பாதித்த ஒவ்வொரு தட்டுக்கும் புள்ளி வையுங்கள். புள்ளிகள் சிதறிக் கிடந்தால் விதையிலோ தட்டிலோ தேடலாம். ஒரு கோடாகவோ ஒரு மூலையிலோ சேர்ந்தால் காரணம் அந்த இடத்தில் இருக்கிறது. மருந்துக் கடைக்குப் போவதற்கு முன்னால் இந்தப் படத்தைப் போட வேண்டும் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சுகிறேன், யாரும் கேட்பதில்லை.


மொட்டைமாடி_சரசு எழுதியது:

நான் படித்தவள் இல்லை, மாடியில் நாற்பது தொட்டி வைத்திருக்கும் சாதாரண வாடிக்கையாளர். தஞ்சாவூர் ஐயா எழுதியதைப் படித்ததும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நர்சரியில் ரோஜா வாங்கப் போனேன். உங்களைப் போலவே பயிற்சிக்கு வந்த ஒரு பெண் நின்றிருந்தாள். எந்தப் பக்கம் பால்கனி, எத்தனை மணிவரை வெயில் வரும் என்று கேட்டாள். காலையில் ஒரு மணி நேரம் வரும் என்றேன். "அம்மா, அந்த இடத்துக்கு ரோஜா வேண்டாம், பூக்காது, உங்களுக்கு மனசு விட்டுப்போகும்" என்று சொல்லிவிட்டுப் பெரணிச் செடி எடுத்துக் கொடுத்தாள். ரோஜா முந்நூறு, பெரணி எண்பது ரூபாய். அந்தப் பெரணி இன்றும் இருக்கிறது, நாலாகப் பிரித்து வைத்துவிட்டேன். பிறகு மாடிக்கு வெயில் கிடைக்கிற வீட்டுக்குக் குடிவந்ததும், அதே கடையில் போய் ஆறு ரோஜா வாங்கினேன். அந்தப் பெண் அப்போது அங்கே இல்லை.

அந்த ரோஜாவில் ஒரு சந்தேகம். அடியிலிருந்து ஒரு கிளை வேகமாக வளர்கிறது, பூவே வைப்பதில்லை. உரம் போதவில்லையா?


தஞ்சை_நர்சரி எழுதியது:

சரசம்மா, ரோஜாவை வேறொரு செடியின் வேர்ப்பகுதியில் ஒட்டுக் கட்டிய இடம் ஒரு முடிச்சு மாதிரி தெரியும். கிளை அதற்குக் கீழே இருந்து வந்தால் அது வேர்ச்செடியின் கிளை, உங்கள் ரோஜா அல்ல. மண்ணைக் கொஞ்சம் விலக்கி, அது புறப்படும் இடத்திலேயே கிள்ளி எடுத்துவிடுங்கள். மேலோடு வெட்டினால் திரும்ப வரும். விட்டுவைத்தால் அதுதான் உரத்தை எல்லாம் தின்னும்.


மதுரை_மல்லி எழுதியது:

கார்த்திகைப்பூ, மருந்து ஊற்றுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். மருந்து அடித்த குடிலுக்குள் உங்களை எப்போது அனுப்புகிறார்கள்? எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, அடித்த அரை மணியில் உள்ளே போய்ப் பூ எண்ணி வரச் சொன்னதால் அன்று இரவு முழுக்க வாந்தி எடுத்தாள். மூடிய குடிலுக்குள் அந்தக் காற்று எங்கேயும் போகாது.


ஓசூர்_சொட்டுநீர் எழுதியது:

மல்லி கேட்டது மிகச் சரியான கேள்வி. நானே முதலில் எழுதியிருக்க வேண்டும்.

மருந்து அடித்தால் வாசலில் பலகை வைக்க வேண்டும். புட்டியின் சீட்டில் எத்தனை நேரம் கழித்து உள்ளே போகலாம் என்று போட்டிருந்தால் அதுவரை யாரும் போகக் கூடாது. போடவில்லை என்றால் எங்கள் பண்ணையில் மாலையில் அடித்துவிட்டு, மறுநாள் காலை பக்கத் திரைகளை எல்லாம் சுருட்டிக் காற்றோடவிட்ட பிறகுதான் ஆள் விடுவோம். புட்டியில் சாய்சதுரக் குறி இருக்கும், அதன் கீழ்ப்பாதி நிறத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்தது மஞ்சள், அதற்கடுத்து நீலம், பச்சை கடைசி. பச்சை என்றாலும் நஞ்சுதான். முகத்தில் துண்டு கட்டுவது பாதுகாப்பு ஆகாது, துண்டு மருந்தை உறிஞ்சி மூக்கிலேயே வைத்திருக்கும். மாஸ்க், கையுறை இல்லாமல் கலக்கச் சொன்னால் மாட்டேன் என்று சொல்லுங்கள். உங்கள் பண்ணையில் வேலை செய்யும் அக்காக்களுக்கும் இதைச் சொல்லுங்கள், அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பிப்ரவரி 14க்கு ரோஜா போகும் மாதம் இது. டிசம்பரில் கிள்ளிவிட்டால் 45 முதல் 50 நாளில் வெட்டுக்கு வரும். அந்தக் கணக்கில்தான் இந்த ஊரே ஓடுகிறது. இரவு குளிரும் பனியும் சேர்ந்து அடிச்சாம்பல் நோய் வந்துவிடுமோ என்ற பயத்தில் இப்போது மருந்து அதிகமாக அடிப்பார்கள். அதனால்தான் இந்த மாதம் கூடுதல் கவனம் வேண்டும்.


கார்த்திகைப்பூ எழுதியது:

ஆறு நாள் கழித்து வருகிறேன். நிறைய நடந்துவிட்டது.

மல்லி அக்கா சொன்னபடி ஒரு தாளில் ஐந்து வாரத்துக்கும் எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் இரண்டு நிமிடம் படித்தார். ரோஜா வெட்டு இருப்பதால் இந்த இரண்டு வாரம் தரம் பிரிக்கும் அறை, பிறகு உரத்தொட்டி என்று வரிசையை மட்டும் மாற்றிவிட்டுச் சரி என்றார். இவ்வளவு எளிதாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் முதல் வாரமே கொடுத்திருப்பேன். மருந்துப் பலகை பற்றியும் கேட்டேன். பலகை ஸ்டோரில் கிடந்தது, இப்போது வாசலில் தொங்குகிறது.

நோயியல் அக்கா, நீங்கள் சொன்ன படத்தைப் போட்டேன். குடிலில் 412 தட்டு, பாதித்தது 38. புள்ளி வைத்து முடித்ததும் கை நடுங்கியது. 31 புள்ளி ஒரே நேர்கோட்டில்! குடிலின் நீளத்துக்கு ஒரு கோடு. தட்டும் கோகோபீட்டும் விதையும் காரணம் இல்லை என்று உடனே தெரிந்துவிட்டது. ஆனால் அந்தக் கோட்டில் என்ன இருக்கிறது என்று பகலில் எவ்வளவு பார்த்தும் புரியவில்லை.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு டார்ச் எடுத்துக்கொண்டு போனேன். கூரைத் தாளின் உள்பக்கம் முழுக்க நீர்த்துளி. அவை சரிந்துவந்து ஒரு குறுக்குக் குழாயில் சேர்ந்து, அதன் நீளத்துக்கும் சொட்டுச் சொட்டாகக் கீழே விழுந்துகொண்டிருந்தன. நேர் கீழே அந்த 31 தட்டுகள். ராத்திரி முழுக்கக் குளிர்ந்த தண்ணீர் நாற்றின் கழுத்திலேயே விழுந்திருக்கிறது. காலை எட்டு மணிக்கெல்லாம் வெயில் பட்டுக் கூரை காய்ந்துவிடுவதால் யார் கண்ணிலும் படவில்லை. மாலையில் தட்டுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் உண்டு. அதனால் உள்ளே ஈரக்காற்று இன்னும் கூடியிருக்கிறது.

மேனேஜரை மறுநாள் விடியற்காலை கூட்டிப்போய்க் காட்டினேன். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். அன்றே அந்த வரிசை மேடையை இரண்டடி தள்ளிப் போட்டோம். மாலைத் தண்ணீரை நிறுத்தி, காலை பத்துக்குள் முடிக்கிறோம். மாலை ஐந்து மணிவரை பக்கத் திரையைக் கொஞ்சம் திறந்து வைத்து ஈரத்தை வெளியே விடுகிறோம். நாலு நாளாகப் புதிதாக எந்தத் தட்டிலும் சாயவில்லை. இதையே ஆய்வாக எழுதச் சொல்லி என் பேராசிரியரும் ஒப்புக்கொண்டார். சில தட்டுகளைப் பழைய இடத்திலேயே விட்டு ஒப்பிட வேண்டும் என்றார், பத்துத் தட்டு கேட்டு வாங்கியிருக்கிறேன்.

குழித்தட்டு நிரப்பும் அக்காவிடம் இதைச் சொன்னபோது, "அந்த வரிசையில உட்கார்ந்தா காலைல முதுகுல சொட்டும் பாப்பா, அதனால நாங்க அங்க உட்காரவே மாட்டோம்" என்றார். அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. யாரும் அவர்களிடம் கேட்கவில்லை, நானும் மூன்று வாரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து கேட்கவில்லை.


நோயியல்_அக்கா எழுதியது:

படித்து முடித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். ஆய்வறிக்கையில் அந்த அக்கா சொன்னதையும் கட்டாயம் எழுதுங்கள், நன்றி சொல்லும் பக்கத்தில் அவர் பெயரையும் போடுங்கள். ஒப்பீட்டுக்கு வைத்த பத்துத் தட்டையும் தினமும் ஒரே நேரத்தில் எண்ணுங்கள். இரவுக் குறைந்தபட்ச வெப்பமும் ஈரப்பதமும் குறித்து வைத்தால் அறிக்கை பலமாக இருக்கும்.


கார்த்திகைப்பூ எழுதியது:

இரண்டு வாரம் கழித்து: உரத்தொட்டி அறைக்குள் வந்துவிட்டேன்! இங்கே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் பி.எச். 7.8. அமிலம் சேர்த்து 6க்குக் கொண்டுவந்துதான் விடுகிறார்கள். மீட்டரைத் தினமும் சரிபார்த்து அளவெடுக்கும் வேலை இப்போது என்னுடையது.

ஓசூர் அண்ணாவிடம் ஒன்று கேட்க வேண்டும். தொட்டியில் கோகோபீட்டில் இருக்கும் ஜெர்பராவுக்கு இ.சி. (தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் அளவு) 1.6 விடுகிறோம். மூன்றாவது குடிலின் மேற்கு மூலையில் மட்டும் இலை ஓரம் கருகி, பூக்காம்பு குட்டையாக வருகிறது. உள்ளே போகும் அளவு எல்லா வரிசைக்கும் ஒன்றுதான்.


ஓசூர்_சொட்டுநீர் எழுதியது:

உள்ளே போவதை மட்டும் பார்த்தால் தெரியாது தங்கச்சி. அந்த மூலையில் நாலு தொட்டிக்கு அடியில் கிண்ணம் வைத்து, வடியும் தண்ணீரின் அளவையும் இ.சி.யையும் எடுத்துச் சொல்லுங்கள். நன்றாக இருக்கும் வரிசையிலும் நாலு வையுங்கள்.


கார்த்திகைப்பூ எழுதியது:

எடுத்துவிட்டேன். நல்ல வரிசையில் வடிவது 1.9லிருந்து 2.1 வரை. மேற்கு மூலையில் 3.4, 3.1, 3.6. நாலாவது கிண்ணத்தில் தண்ணீரே இல்லை. வடியும் அளவும் மூலையில் பாதிக்கும் குறைவு.


ஓசூர்_சொட்டுநீர் எழுதியது:

அப்படியானால் சொட்டுவான் பாதி அடைத்திருக்கிறது. மேற்கு வெயில் வேறு. குறைவாகத் தண்ணீர் போய், வடியாமல், உப்பு சேர்ந்துவிட்டது. முதலில் சொட்டுவான்களைக் கழற்றிக் கழுவுங்கள் அல்லது மாற்றுங்கள். அப்புறம் அந்த மூலைத் தொட்டிகளை மட்டும், பி.எச். சரிசெய்த, உரம் இல்லாத தண்ணீரால் அலச வேண்டும். வடிவது 2க்குக் கீழே வரும்வரை. இதைச் சொட்டுநீரில் செய்ய முடியாது, கையால்தான். ஜெர்பராவின் குருத்து மண்ணுக்கு மேலே இருக்கும், அதில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். தொட்டி ஓரமாக, மெதுவாக, இலையைத் தூக்கிப் பிடித்து ஊற்ற வேண்டும். காலையிலேயே செய்யுங்கள்.


கார்த்திகைப்பூ எழுதியது:

மேனேஜரிடம் காட்டினேன். கணக்கைப் பார்த்துவிட்டு, நாளைக் காலையிலேயே செய்துவிடலாம் என்றார். மொத்தம் 160 தொட்டி. யார் ஊற்றுவது என்று சூப்பர்வைசர் கேட்டதற்கு, "குருத்து நனையாம ஊத்தணும், பாப்பாகிட்டயே ஹோஸைக் குடு" என்றார்.

ஆறு மணிக்கு ஆரம்பிக்கிறோம். குழித்தட்டு அக்கா இலையைத் தூக்கிப் பிடிக்க வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். முடித்ததும் வடிகால் அளவை இங்கே போடுகிறேன் அண்ணா.